ப்ளீச் தண்ணீரில் பிழைத்தவை

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. ஓய்வு பெற்ற பிறகும் அது மாறவில்லை. காலையில் பேப்பரைக்கூட நடந்துகொண்டேதான் படிக்கிறேன். போன மாதம் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போன இடத்திலும் நாற்காலியை விட்டு எழுந்து லேபுக்குள் எட்டிப் பார்த்தேன். என்னோடு கடைசி வருடங்களில் வேலை பார்த்த ஜெயந்திதான் இப்போது அங்கே பொறுப்பு. மெஷின் ஒரு ரிப்போர்ட்டை அச்சடித்து வெளியே தள்ளியது. யாருடைய மலப் பரிசோதனையோ. கடைசி வரியில் ‘கிருமி இல்லை’ என்று இருந்தது.

“வளரவில்லைன்னுல்ல இருக்கணும்?” என்றேன்.

“மெஷின் இல்லைன்னா இல்லதான் மேடம். நீங்க இன்னும் டாக்டர் ஞானராஜ் காலத்துலயே இருக்கீங்க.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு பொம்பளை என்ன பாடு பட்டாள் தெரியுமா என்று ஆரம்பித்தேன். வெளியே ரத்தம் கொடுக்க ஆள் நின்றது. “எழுதிக் குடுங்க மேடம், எங்க சங்க மலர்ல போடுதோம்” என்று சொல்லி என்னை நைசாக வெளியே அனுப்பிவிட்டாள். எழுதுகிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு பத்தி எழுதுவதும் எழுந்து வாசல்வரை போய் வருவதுமாக இதை எழுதியிருக்கிறேன். முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் லேப் டெக்னீசியன் படிப்பை முடித்தேன். நின்றுகொண்டே செய்கிற வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். பிறகு கல்யாணம். வீட்டுக்காரருக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை, எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி லேபில். தினமும் டவுன் பஸ்ஸில் போய் வந்தேன்.

அந்த லேபில் எனக்கு வாய்த்த அதிகாரிதான் டாக்டர் ஞானராஜ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர், குரலே உயராது. வயிற்றுப் புண்காரர் வேறு. அமிலத்தை அடக்குகிற மாத்திரை அட்டை சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் ஒன்றை வாயில் போட்டு, சாக்பீஸைக் கடிப்பதுபோல் கடித்துத் தின்பார்.

“பார்த்ததைச் சொல்லு கோமதி. நினைச்சதை மத்தியானத்துக்கு மேல சொல்லு” என்பார். எனக்கோ பார்ப்பதற்கு முன்பே நினைத்தாக வேண்டும். கிருமியை வளர்க்கிற பிளேட்டை இன்குபேட்டருக்குள் வைத்துவிட்டால் மறுநாள்வரை தொடக்கூடாது. நான் வளர்ந்துவிட்டதா, வளர்ந்துவிட்டதா என்று திறந்து திறந்து பார்ப்பேன். உள்ளே சூடு இறங்கிவிடும். அவர் திட்டவில்லை. ஒருநாள் சாயங்காலம் இன்குபேட்டரின் கைப்பிடியில் ஒரு பேண்டேஜ் ரோலைச் சுற்றி, தனக்கு மட்டும் தெரிந்த ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது.

சேர்ந்த புதிதில் ஒரு ரிப்போர்ட்டில் நானும் ‘கிருமி இல்லை’ என்றுதான் எழுதினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, “நம்ம ஆஸ்பத்திரியில பூனை இருக்கா?” என்று கேட்டார்.

“இல்ல சார்.”

“எல்லா ரூமும் தேடினியா?”

“இல்ல சார்.”

“அப்போ நான் பார்க்கலைன்னு சொல்லு.”

மறுவாரம் ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிக்குள் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் தூக்கினார். அதன்பிறகு என் கை ‘வளரவில்லை’ என்றுதான் எழுதியது.

சொல்ல வந்தது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடையில் நடந்தது. ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டுகிற வலைத்துணியும் பேண்டேஜும் செய்கிற ஒரு கம்பெனி. அங்கே வேலை பார்க்கிறவர்கள் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாக எங்கள் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் ஒருவர் இருவர், பிறகு கூட்டமாக. பேண்டேஜ் சுற்றுகிற பவுனு என்ற பெண்ணைக் கண்கள் உள்ளே போன நிலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். குளுக்கோஸ் ஏற்ற நரம்பே கிடைக்கவில்லை. அவர்களுடைய மலத்தில் சால்மொனெல்லா வளர்ந்தது. முட்டை, கறி, அழுக்குக் கை என்று எதிலும் ஏறி வரக்கூடிய கிருமி அது. எல்லோரும் கம்பெனி கேண்டீனில் சாப்பிட்டவர்கள்.

டாக்டரும் நானும் அந்தக் கேண்டீனுக்குப் போனோம். ஈ மொய்க்கிற இடத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு ஏமாற்றம்தான். எங்கள் ஆஸ்பத்திரி சமையலறையைவிடச் சுத்தமாக இருந்தது. உள்ளே நுழைந்ததும் ப்ளீச் வாசனை மூக்கைத் துளைத்தது. கேண்டீனைப் பார்த்துக்கொண்டவள் முத்துப்பேச்சி. சோழபுரத்திலிருந்து விடியற்காலை பஸ்ஸில் வந்து அவ்வளவு பேருக்கும் ஆக்கிப் போடுகிறவள்.

“பாத்திரத்துல ஒரு பிசுக்கு காட்டுங்க யக்கா, நான் இன்னைக்கே சோலிய விட்டுட்டுப் போறேன்” என்றாள். சொன்னதோடு விடாமல் ஒரு தட்டை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

மூலையில் ஒரு நீல டிரம் இருந்தது. துணியை வெளுத்து முடித்த பிறகு தொட்டியில் மிஞ்சுகிற தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து அதில் ஊற்றி வைத்திருந்தார்கள். கழுவிய தட்டுகளை அதில் முக்கி எடுத்து, கம்பெனியில் கழித்துப்போட்ட வலைத்துணியால் துடைப்பார்கள். துடைக்கிற துணியும் அதே டிரம்மில்தான் ஊறும். தண்ணீர் குறையக் குறைய மேலே ஊற்றுவார்களே தவிர, அடிவரை கொட்டிக் கழுவியதாக யாருக்கும் நினைவில்லை.

மேனேஜர் வெங்கடபதி கையில் மோர் டம்ளரோடு எங்களை வரவேற்றார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். “இந்தத் தண்ணிதான் டாக்டர் நம்ம துணியவே ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்குச் சுத்தம் பண்ணுது. தட்டைப் பண்ணாதா?” என்று கேட்டுவிட்டு, பின்னால் நின்றவரிடம் “நீள்ளு தே” என்றார். அந்த ஆள் டிரம்மிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு வந்தார். வாசனையில் எனக்குக் கண் கரித்தது. எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். அங்கே ப்ளீச் வாசனை வந்தால் சுத்தம் என்று அர்த்தம்.

கிணற்றுத் தண்ணீர், டிரம் தண்ணீர், தட்டு, கரண்டி, துணி என்று எல்லாவற்றையும் பிளேட்டில் போட்டுப் பார்த்தோம். ஒன்றிலும் வளரவில்லை. அப்படித்தான் எழுதியும் கொடுத்தோம். கம்பெனியில் அதை இல்லை என்றே படித்தார்கள். பாத்திரத்தில் இல்லை, தண்ணீரில் இல்லை, மிச்சம் இருப்பது ஆக்கிப் போட்டவள்தான் என்று முத்துப்பேச்சியை நிறுத்திவிட்டார்கள்.

அவளுடைய மலத்தையும் நாங்கள் பார்த்தோம். அதிலும் வளரவில்லை. அதை யாரும் சட்டை செய்யவில்லை. “அவ கையில நோவு இருக்கு” என்று பேச்சு ராஜபாளையத்தில் கிளம்பி சோழபுரம்வரை போய்விட்டது. ஒருநாள் எங்கள் லேப் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள்.

“பக்கத்து வீட்டுக்காரி மாட்டுக்குக் கழனித்தண்ணி வாங்க வருவா யக்கா. இப்ப வாரதில்ல. மாடுகூட நாந் தொட்டதக் குடிக்கக்கூடாதாம். சோலி போனாப் போவுது, கூலிக்குப் போயிக்கிடுவேன். எங் கையால ஒருத்தரும் வாங்கித் திங்க மாட்டேன்னா நான் எதுக்கு யக்கா இருக்கணும்?”

அவள் போன பிறகு லேபில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். டாக்டர் நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்காமல், “தரை தேயுது கோமதி” என்றார்.

முத்துப்பேச்சி போன பிறகும் அங்கிருந்து புதிதாக ஆட்கள் வந்து படுத்தார்கள். அது அவள் விட்டுவிட்டுப் போனது என்றார் வெங்கடபதி. டாக்டர் அன்று வெகுநேரம் மாத்திரையைக் கடித்துக்கொண்டே இருந்தார். பிறகு திடீரென்று கேட்டார்.

“அந்த டிரம் தண்ணிக்கு நாம என்ன சாப்பாடு போட்டோம்?”

எங்கள் பிளேட்டில் பித்த உப்பு கலந்திருக்கும். வேண்டாத கிருமிகளை அது அடக்கிவிடும், குடலில் வாழ்கிற கிருமிகள் தாங்கி வளரும். நல்ல தெம்போடு இருக்கிற கிருமிக்குத்தான் இந்தக் கணக்கு. ஏற்கெனவே அடிபட்டுக் குற்றுயிராகக் கிடப்பது அந்தப் பித்த உப்பிலேயே செத்துவிடும். நாமே கொன்றுவிட்டு, வளரவில்லை என்று எழுதுவோம்.

“ஆஸ்பத்திரிக்கு அடிபட்டு வாறவனை எந்திரிச்சு ஓடச் சொல்லுவோமா? முதல்ல கஞ்சி குடுப்போம். பொறவு விசாரிப்போம்” என்றார்.

கஞ்சி என்று அவர் சொன்னது உப்போ மருந்தோ எதுவும் சேராத வெறும் இறைச்சிச் சாற்றை. அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது. தண்ணீரைப் பாட்டிலில் எடுத்த பிறகும் அதிலிருக்கிற ப்ளீச் கிருமியைத் தாக்கிக்கொண்டேதான் இருக்கும், அதை முறிக்க வேண்டும். அதற்கு ‘ஹைப்போ’ என்ற உப்பு வேண்டும், எங்களிடம் இல்லை. படம் கழுவுகிறவர்கள் வைத்திருப்பார்கள் என்று என்னைக் கடைத்தெருவில் இருந்த போட்டோ ஸ்டுடியோவுக்கு அனுப்பினார். ஸ்டுடியோக்காரர் ஒரு பொட்டலம் மடித்துக் கொடுத்தார். அதைக் கரைத்து, பாட்டிலில் விட்டு, கொதிக்கும் ஆவியில் கிருமி நீக்கி எடுத்துக்கொண்டு மறுபடி ராஜபாளையம் போனேன். டிரம்மின் மேல்தண்ணீர், அடித்தண்ணீர், ஊறின துணி மூன்றையும் தனித்தனிப் பாட்டிலில் எடுத்து வந்து கஞ்சியில் சேர்த்து இன்குபேட்டருக்குள் வைத்தேன். டாக்டர் பேண்டேஜைச் சுற்றி முடிச்சுப் போட்டார். மறுநாள் அந்தக் கஞ்சியிலிருந்து ஒரு துளியைப் பழைய பித்த உப்புப் பிளேட்டில் கோடாக இழுத்துத் தடவினோம். மறுபடி முடிச்சு.

முடிச்சை அவிழ்த்து அவர் பிளேட்டை வெளிச்சத்தில் பிடித்தார். அடித்தண்ணீரிலும் துணியிலும் நிறமே இல்லாத சின்னச் சின்னப் புள்ளிகள். நோயாளிகளிடம் நாங்கள் பார்த்த அதே புள்ளிகள். மதுரையில் இருந்த பெரிய லேபுக்கு அனுப்பியதில் அவர்களும் அதுதான் என்றார்கள்.

“பார்த்ததைச் சொல்லு” என்றார்.

“சாகலை சார்! பாவி, சாகவே இல்லை!” என்று கத்திவிட்டேன்.

தொட்டியில் மிஞ்சிய தண்ணீரின் வீரியத்தைத் துணி குடித்துவிட்டிருந்தது. மிச்சத்தைப் பருக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும் தின்றுவிட்டன. கடைசியில் தங்கியது வாசனை மட்டும்தான். முட்டைக்குழம்புத் தட்டிலிருந்தோ வேறெதிலிருந்தோ இறங்கிய கிருமி, அந்தத் தண்ணீரில் சாகவும் முடியாமல் வளரவும் முடியாமல் கிடந்து, துடைக்கிற துணியில் ஏறி, அடுத்த தட்டுக்குப் போயிருக்கிறது.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். டாக்டர் விடவில்லை. நம் வயிற்றில் இருக்கிற அமிலம் ஒரு காவல்காரன், உள்ளே வருகிற கிருமியில் பெரும்பாலானதை அதுவே முடித்துவிடும். இங்கே மட்டும் இத்தனை பேர் படுத்துவிட்டார்களே, காவல்காரன் என்ன ஆனான் என்பது அவர் கேள்வி. துணியை வெளுத்த பின் காரம் போக லேசான ஆசிட் தண்ணீரில் அலசுவார்கள், அந்தத் தண்ணீரும் டிரம்முக்குத்தான் வந்தது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். அதே கிருமியை இரண்டு குழாய்களில் வளர்த்தோம். ஒன்றைச் சொகுசாகவே வைத்திருந்தோம். மற்றதை மட்டும் கொஞ்ச நேரம் லேசான ஆசிட்டில் போட்டு வைத்தோம். பிறகு இரண்டையும் வயிற்றில் இருக்கிற அளவுக்குக் கடுமையான ஆசிட்டில் விட்டோம். சொகுசாக இருந்தது ஏறக்குறைய முழுக்கச் செத்துவிட்டது. லேசாக அடிவாங்கியிருந்தது பிளேட் நிறைய வளர்ந்து நின்றது.

“கஷ்டப்பட்டதெல்லாம் முரடாகும்னு எழுதிராத. பாதி செத்துரும், சிலது நொண்டும், சிலது அடுத்த அடிக்குத் தயாராயிரும். அந்தக் கடைசி ஆளுதான் கேண்டீன்ல இருந்தவன்” என்றார். அந்த நாளில் இதெல்லாம் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். மதுரை போனால் நூலகத்தில் படித்துவிட்டு வருவார். பிறகு சட்டைப்பையைத் தட்டிக் காட்டி, “எனக்குக் காவக்காரனே கிடையாது கோமதி. மாத்திரை குடுத்துத் தூங்க வச்சிருக்கேன்” என்று சிரித்தார்.

டிரம்மைக் கொட்டச் சொன்னோம். தட்டுகளைக் கொதிதண்ணீரில் முக்கினார்கள். நோயாளி வரத்து நின்றுவிட்டது. வெங்கடபதி எங்கள் லேபுக்கு வந்து, “ப்ளீச் தண்ணியா டாக்டர்? ப்ளீச் தண்ணியா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நெற்றி வேர்த்திருந்தது. முத்துப்பேச்சியைத் திரும்ப எடுக்க அவருக்கு ஆசைதான். ஆனால் ஆட்கள் ஒப்பவில்லை.

“அந்தம்மாகிட்ட கிருமி இல்லைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க டாக்டர். ஒட்டி வச்சிருதேன். நாளைக்கே வரச் சொல்லுதேன்.”

அவளுடைய மலத்தை மறுபடி மறுபடி வாங்கி, அதற்கும் கஞ்சி கொடுத்துப் பார்த்திருந்தோம். ஒருமுறைகூட வளரவில்லை. டாக்டர் ‘வளரவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெங்கடபதி அதைப் பார்த்துவிட்டு, “இதப் பார்த்தா இனிமே வளரும்னுல்ல நினைப்பாங்க” என்றார். டாக்டர் தலையை ஆட்டினாரே தவிர வேறு எழுதவில்லை.

அவர் போனதும் நான் வெடித்தேன். “ஒரு வார்த்தைதான சார்! அவ பொழப்பு, அவ பேரு எல்லாம் அந்த ஒரு வார்த்தையில நிக்குது. எழுதுனா என்ன குறைஞ்சு போவீங்க?”

“நீதான பார்த்தே? பிளேட்டு சுத்தமா இருந்துச்சு. உள்ள உயிரோட கிடந்துச்சு. அதையே பார்த்துட்டு, இப்ப இல்லைன்னு எப்படி எழுத? சில ஆளுக உடம்புல அது இருந்து இருந்து எப்பவாவதுதான் வெளிய வரும்.”

“அப்போ அவகிட்ட இருக்குங்கீங்களா?”

“இருக்காதுன்னு நினைக்கேன்.”

“நினைக்கிறதை எழுத மாட்டீங்க.”

“மாட்டேன்” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த குழாயைக் கீழே போட்டு உடைத்தேன். அவளைக் காப்பாற்றியதும் அந்த மனிதரின் இந்தப் பிடிவாதம்தான், இப்போது கழுத்தைப் பிடிப்பதும் அதேதான். அது எனக்குப் புரிந்தது, புரிந்ததால்தான் இன்னும் எரிந்தது. நான் கண்ணாடிச் சில்லைப் பொறுக்கி முடித்தேன். பிறகு, “வெங்கடபதிக்குப் போன் போடு. சனிக்கிழமை மத்தியானம் அந்தம்மாவை ஆக்கச் சொல்லு. நான் சாப்பிட வாரேன்” என்றார்.

சனிக்கிழமை கேண்டீனில் எல்லோரும் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் வீட்டிலிருந்து கொண்டுவந்த தூக்குச்சட்டி. யாரும் தட்டு எடுக்கவில்லை. பவுனுவும் சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். முத்துப்பேச்சி அடுப்படியில் கைகட்டி நின்றாள். டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து வழக்கம்போல மாத்திரை அட்டையை எடுத்தார். நான் குனிந்து அவர் காதோரம் சொன்னேன்.

“சார், இன்னைக்கு மட்டும் அது வேண்டாமே.”

“வயிறு வலிக்குதும்மா” என்று ஒன்றைக் கடித்தார். பிறகு முத்துப்பேச்சியைப் பார்த்து, “தயிர் விட்டுக் கையால பிசைஞ்சு குடுங்கம்மா” என்றார்.

அவள் கைகழுவிக்கொண்டு வந்தாள். சோற்றில் தயிரை விட்டுப் பிசைந்து தட்டில் வைத்தாள். கரண்டியால் போட்ட சுடுசோறு என்றால் வேறு. கையால் பிசைந்த, ஆறின சோறு கிருமிக்கு எவ்வளவு வசதி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டு அந்தச் சோற்றை உருட்டி உருட்டி, நிதானமாக, ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்டார். அந்தக் கூடத்தில் அதன் அர்த்தம் தெரிந்தது எனக்கு மட்டும்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நானும் ஒரு தட்டை எடுத்து நீட்டினேன்.

அதைப் பார்த்துவிட்டு ஒருவரும் ஓடி வந்துவிடவில்லை. பவுனுதான் பேசினாள். “டாக்டரய்யா சாப்பிட்டது சரி. எனக்குச் சாப்பிட்ட மறுநாள்தான வந்துச்சு. திங்கக்கிழம அவிய நல்லபடியா எந்திரிச்சு வேலைக்கு வரட்டும். பொறவு பாப்போம்.” மற்றவர்களும் அதுதான் சரி என்றார்கள். படுத்து எழுந்தவளை யார் குறைசொல்ல முடியும்.

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனதென்று கேட்காதீர்கள். “உனக்கு வயித்த வலிக்கா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். எனக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் காவல்காரன் முழித்துக்கொண்டு இருந்தானே. வீட்டில் போன் கிடையாது, அவர் வீட்டுக்குப் போகவும் கூச்சம். வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்து தீர்த்தேன்.

திங்கட்கிழமை நேரத்துக்கு முன்பே போய் லேப் வாசலில் நின்றேன். அவர் வருகிற நேரம் வந்தது. அவர் வரவில்லை. உள்ளே போன் அடித்தது, எடுத்தேன். வெங்கடபதி. பின்னால் ஒரே இரைச்சல்.

“அம்மா, டாக்டர் வந்துட்டாரா? முத்துப்பேச்சி அடுப்பைப் பத்தவைக்கவா வேண்டாமான்னு நிக்கா. எல்லாரும் நிக்காங்க.”

இருங்கள் என்று சொல்லிவிட்டு ரிசீவரைக் கையில் பிடித்தபடியே வாசலைப் பார்த்தேன். டாக்டர் ஞானராஜ் குடையை மடக்கிக்கொண்டு மெதுவாக உள்ளே வந்தார். பஸ்ஸின் டயர் பஞ்சராம். நான் அவரை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தேன். முகத்தைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், உதடு காய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். முடிச்சு அவிழ்த்த இன்குபேட்டரை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படிப் பார்த்திருக்க வேண்டும். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன கோமதி, வளர்ந்திருக்கா?”

“வளரல சார்” என்றேன். பிறகு ரிசீவரை வாயருகே கொண்டுபோய், “அடுப்பைப் பத்தவைக்கச் சொல்லுங்க” என்றேன்.